வேலியில் விளையும் தழை உரம்

பயிருக்கு வேண்டிய பெருஞ்சத்துக்கள் மூன்றனுள் முதலாவதை நாம் தழைச்சத்து என்று வழங்குகிறோம். நைட்ரஜன் என்னும் பெயரைக் கேள்வியுறாத உழவரும் தழைச்சத்து என்றால் இன்னதென்று அறிவர். பயிரைத் தழைக்கச் செய்வதால் இப்பெயர் பெற்றது என்பர் சிலர்; தழையிலிருந்து கிடைப்பது என்று பொருள் கொண்டாலும் பிழையில்லை. ஏனெனில் யூரியா மூட்டை நம் கிராமங்களுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, நடவுக்கு முன் வயலில் தழை மிதிப்பது நம் முன்னோர் கைக்கொண்ட முறையாக இருந்து வந்தது. வேம்பு, புங்கம், பூவரசு, வாதநாராயணன், ஆவாரை, எருக்கு, கொளுஞ்சி என்று கைக்கு எட்டியவற்றை எல்லாம் கட்டுக்கட்டாகக் கொணர்ந்து, சேற்றில் பரப்பி, வரிசையாக நின்று மிதிப்பார்கள். என் இளமையில் தஞ்சைப் பக்கத்து உறவினர் ஊரில் இதனைக் கண்டிருக்கிறேன். அழுகும் தழையின் நெடி தெரு வரை வரும். அந்த நெடிக்கு யாரும் முகம் சுளித்ததாக நினைவில்லை.

இன்று அவ்வழக்கம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. காரணம் உழவரின் சோம்பல் அன்று. தழை கிடைத்து வந்த புறம்போக்குகளும் மேய்ச்சல் தரைகளும் சுருங்கிவிட்டன. இருக்கும் இடங்களில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. தழை வெட்டிச் சுமக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. கால்நடைகள் குறைந்தமையால் தொழுவுரமும் குறைந்துவிட்டது. நிலத்துக்கு ஆண்டுதோறும் உப்பு உரம் மட்டுமே இடப்படுகிறது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால், பொலபொலவென்று உதிராமல், காய்ந்தபோது கல்லாகவும் நனைந்தபோது களியாகவும் இருக்கிறது என்று உழவர்களே முறையிடுகின்றனர். மண்ணில் மக்கு குறைந்ததன் விளைவு இது.

தழையைத் தேடிப் போக இயலாதெனின், தழையை நம் வரப்புக்கே வரவழைத்தல் வேண்டும். அதற்கு ஏற்ற செடி ஒன்றைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் பெயர் கிளைரிசிடியா.

எங்கிருந்து வந்தது?

கிளைரிசிடியா நம் நாட்டுச் செடி அன்று. மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே கோக்கோத் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு நிழல் தருவதற்காக இதனை வளர்த்தனர். அதனால் ஸ்பானிய மொழியில் இதற்குக் ‘கோக்கோவின் தாய்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. ஸ்பானியர் இதனைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். இலங்கையில் தேயிலைக்கு நிழல்மரமாக இது பரவியது. அங்குள்ள தமிழர் இதனைச் சீமைக்கிளுவை என்பர். கேரளத்தில் இதற்குச் சீமக்கொன்ன என்று பெயர். வேலியில் இது இல்லாத வீட்டுத் தோட்டத்தை அங்கே காண்பது அரிது.

நம் மாநிலத்திலும் இது புதியது அன்று. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின், தழை உரச் செடிகளைப் பரப்புவது கிராம சேவகர்களின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. ஊரின் மூத்தவர்களைக் கேட்டால், எந்தக் கிணற்றடியில், எந்த வரப்பில் முதல் போத்து நடப்பட்டது என்று இன்றும் காட்டுவார்கள். பல இடங்களில் அந்த மரங்கள் வெட்டப்படாமல் ஓங்கி வளர்ந்து, மாசி பங்குனியில் இலையுதிர்த்து, இளஞ்சிவப்புப் பூக்களோடு நிற்கின்றன. அழகுக்காக வைத்த மரம் என்றே இளைஞர்கள் எண்ணுகிறார்கள்.

வெட்ட வெட்டத் தழைக்கும் செடி ஒன்றைத் தோட்டத்து மூலையில் வைத்து, அதன் இலையையே உரமாக்கிக் கொள்ளும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் காம்ஃப்ரே என்னும் அகன்ற இலைச் செடி இதற்குப் பயன்படுகிறது. அங்கே எசெக்ஸ் மாவட்டத்துப் பாக்கிங் என்னும் ஊரில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் 1954 இல் ஒரு சங்கம் அமைத்து, அச்செடியின் வகைகளை வளர்த்து ஆராய்ந்தார். ஆண்டில் பலமுறை இலையை அறுத்து உருளைக்கிழங்கு, தக்காளிப் பாத்திகளில் இடுவார்கள். தண்ணீரில் ஊறவைத்து அந்நீரையும் ஊற்றுவார்கள். குளிர்நாட்டார்க்கு அது செய்யும் வேலையை நமக்குக் கிளைரிசிடியா செய்கிறது. நம்முடையது கூடுதலாக ஒன்று செய்யும். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது ஆதலால், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே ஈர்த்துக் கொள்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

இவ்விடத்தில் மிகைப்படுத்திச் சொல்வது எளிது. மேடைகளில் அவ்வாறு சொல்லி, உழவர் நம்பி நட்டு, பின்னர் ஏமாற்றமடைந்ததையும் கண்டிருக்கிறேன். ஆதலால் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நெல்லுக்கு ஏக்கர் ஒன்றுக்கு இரண்டரை டன் பசுந்தழை இடவேண்டும் என்பது வேளாண்மைத் துறையின் பரிந்துரை. நன்கு வேரூன்றிய கிளைரிசிடியாச் செடி ஒன்று, நட்ட இரண்டாம் ஆண்டுக்குப் பின், ஆண்டொன்றுக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ வரை தழை தரும். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 254 மீட்டர். மீட்டருக்கு ஒன்றாக நான்கு வரப்பிலும் நட்டால் சுமார் 250 செடிகள். செடிக்குப் பத்துக் கிலோ கிடைத்தால் இரண்டரை டன் நேராகிவிடும். ஐந்து கிலோவே கிடைத்தால் பாதிதான்.

சரி, இரண்டரை டன் தழையில் எவ்வளவு சத்து இருக்கிறது? பச்சைத் தழையில் முக்கால் பங்கு நீர். எஞ்சுவது சுமார் 625 கிலோ உலர்பொருள். அதில் தழைச்சத்து 2.76 விழுக்காடு என்று கொண்டால் 17 கிலோ வரும். 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, ஓர் ஏக்கர் தழை முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சற்று மேற்பட்டது. சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்னும் அளவோடு ஒப்பிட்டால் இது கால் பங்குக்குச் சற்று அதிகம். அதிலும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. ஒரு பகுதி மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகங்களுக்கு உதவும்.

இவ்வளவுதானா என்று சிலர் கேட்கக்கூடும். யூரியாவை அறவே விட்டுவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஆம், இவ்வளவுதான். ஆனால் யூரியா மூட்டையில் 625 கிலோ மக்குப்பொருள் இல்லை. தழையில் சாம்பல் சத்தும் கணிசமாக உண்டு. மணிச்சத்து மட்டும் மிகக் குறைவு. உலர்பொருளில் அரை விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே தழை இடுபவர்கள் சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்திவிடலாகாது. இதை அறியாமல் தழையை மட்டும் நம்பிய ஓர் உழவர், பயிர் கரும்பச்சையாக நின்றும் மணி பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து வருந்தினார். மண் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தபோது மணிச்சத்துக்கு எதிரே ‘குறைவு’ என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டு அவர் வீட்டு உத்தரத்தில் இரண்டு ஆண்டுகளாகச் செருகிக் கிடந்ததாம்.

போத்து நடுதல்

கிளைரிசிடியாவைப் போத்து வைத்தும் விதைத்தும் வளர்க்கலாம். முருங்கைப் போத்து வைக்கத் தெரிந்தவருக்கு இதில் கற்க வேண்டியது அதிகமில்லை. எனினும் தவறு நேர்வது இவ்வெளிய வேலையிலேதான்.

போத்துக்கு இளங்கிளை உதவாது. பட்டை பச்சை மாறிச் சாம்பல் படர்ந்த பழுப்பு நிறம் அடைந்த, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட முற்றிய கிளையாக இருத்தல் வேண்டும். பருமன் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிதாக, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் நன்று. நீளம் ஒரு மீட்டர் போதும்; வேலிக்காயின் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வைக்கலாம். அடிமுனையைச் சாய்வாகவும் நுனிமுனையைத் தட்டையாகவும் கூர்மையான அரிவாளால் ஒரே வெட்டில் வெட்டவேண்டும். பட்டை கிழிந்தால் அங்கிருந்து அழுகல் தொடங்கும். இலைகளை உருவிவிட்டு, வெட்டிய ஓரிரு நாட்களில் நட்டுவிடுவது நல்லது. உடனே நட இயலாவிடில் நிழலில் நிறுத்தி ஈரச் சாக்கைச் சுற்றி வைக்கலாம், வெயிலில் கிடத்தலாகாது.

நடும்போது போத்தைச் சுத்தியலால் அடித்து இறக்குவது பெருந்தவறு. கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்குத் துளையிட்டு, போத்தை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் இறுக மிதித்துவிட வேண்டும். காற்றில் ஆடும் போத்து வேர்விடாது. மேற்கு மாவட்டங்களில் ஆனி ஆடி மழையோடும், கிழக்கு மாவட்டங்களில் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதும் நடலாம். பாசன வசதி உள்ளவர்கள், தாய்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் முன்னர் போத்து எடுத்து நட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்; அக்காலத்தில் மரத்தின் சத்து கிளையிலேயே சேமிப்பாக நிற்கிறது.

என் பணியின் தொடக்கக் காலத்தில் நடந்த ஒன்றை இங்கே கூறுதல் தகும். நான் அப்போது இருந்த ஒன்றியத்தில், ஓர் ஊரில் ஆயிரம் போத்துகள் நடுவதென்று ஏற்பாடாயிற்று. வெளியூரிலிருந்து லாரியில் போத்துகள் வந்தன. வண்டி ஒரு நாள் தாமதித்தது, வெயிலில் நின்றது. எனினும் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்பதற்காக அவசர அவசரமாக நட்டு முடித்தோம். போத்துகளின் இரு முனைகளும் ஒரே மாதிரி தட்டையாக வெட்டப்பட்டிருந்தன. அன்று வேலைக்கு வந்திருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், “ஐயா, பாதிக் குச்சி தலைகீழா நிக்குதே, கண்ணு கீழ பார்க்குது பாருங்க” என்று என்னிடம் சொன்னார். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும். அதைப் பார்த்து மேல் எது கீழ் எது என்று அவர் கண்டுகொண்டார். நான் பட்டப்படிப்புப் படித்தவன். எனக்கு அது தெரியவில்லை. விருந்தினர் வரும் நேரம் ஆகிவிட்டபடியால், ‘பரவாயில்லை, பிழைத்துக் கொள்ளும்’ என்று கூறிவிட்டேன். மறு ஆண்டு எண்ணிப் பார்த்தபோது உயிரோடு நின்றவை நூற்றுக்குச் சற்று மேல். பதிவேட்டில் மட்டும் ஆயிரமும் நின்றன. அந்த அம்மையாரை மறுமுறை சந்தித்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் நான் எங்கே பணியாற்றினாலும், போத்து வெட்டும் இடத்திலேயே அடிமுனையைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்து வாங்கச் சொல்வேன். வெள்ளை முனை மண்ணுக்குள், அவ்வளவே விதி.

விதையிலிருந்து வளர்த்தல்

நீண்டகாலம் நிற்க வேண்டிய வேலிக்கும், காற்று மிகுந்த இடத்துக்கும், மானாவாரி நிலத்துக்கும் விதைக்கன்றே மேலானது. போத்தில் வளர்ந்த செடிக்கு ஆணிவேர் இராது. பக்கவேர்கள் மேலாகவே ஓடும். விதைக்கன்று ஆழ வேரூன்றி வறட்சியைத் தாங்கும். அண்டைப் பயிரோடு நீருக்கும் அவ்வளவாகப் போட்டியிடாது.

இலைக்காக அடிக்கடி வெட்டப்படும் செடி பூப்பதில்லை. ஆகவே ஊரில் நாலைந்து மரங்களையாவது வெட்டாமல் விதைக்கென விட்டுவைத்தல் வேண்டும். காய்கள் பங்குனி சித்திரையில் முற்றும். முற்றிய காய் வெயிலில் சடாரென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். ஆதலால் மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறும்போதே பறித்து, மேலே துணி மூடி உலர்த்தவேண்டும். கொளுஞ்சி விதையைப் போல இதற்குக் கொதிநீரோ மணல் தேய்ப்போ தேவையில்லை. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பையில் விதைத்தால் பத்து நாட்களுக்குள் முளைத்துவிடும். இரண்டு மூன்று மாதங்களில், முழங்கால் உயரம் வந்ததும் எடுத்து நடலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊராட்சி நாற்றங்காலில் இதனைச் செய்வது எளிது.

எந்த வரப்பில் நடுவது?

நான்கு வரப்பிலும் நட்டால் 250 செடி என்று மேலே கணக்கிட்டோம். நடைமுறையில் அது எல்லாருக்கும் இயலாது. சம்பாப் பருவத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. தென்வரப்பில் உயர்ந்து நிற்கும் செடியின் நிழல் நம் வயலில் விழும். வடவரப்பில் நின்றால் பக்கத்து வயலில் விழும். முன்னது நமக்கு நட்டம்; பின்னது வழக்கு. எனவே பொது வரப்பாயின் அண்டை நிலத்தாரோடு கலந்து பேசி, இருவரும் தழையைப் பகிர்ந்து கொள்வதாக முடிவு செய்துகொண்டு நடுவதே அறிவுடைமை. இரண்டு வரப்பில் மட்டும் நட்டு ஒரு டன் தழை கிடைத்தாலும் அது ஒரு டன்தான். குறுகிய உள்வரப்புகளை விட்டுவிடலாம். கிணற்றடி, களத்துமேடு, தோட்டக்கால் வேலி, வண்டிப்பாதையின் ஓரம் ஆகியவை இதற்கு ஏற்றவை.

தண்ணீர் தேங்கும் களிமண்ணில் போத்து அழுகிவிடும். உவர் நிலத்தில் இச்செடியை நம்ப வேண்டாம். அங்கே தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவதே வழி. உயர்ந்த மலைப்பகுதிகளின் கடுங்குளிரும் இதற்கு ஆகாது.

வெட்டுதலும் இடுதலும்

முதல் ஆண்டில் அரிவாளை எடுக்கவே கூடாது. ஆசை மிகுதியால் எட்டாம் மாதத்தில் வெட்டி, வேர் வலுப்பெறாத செடியை வாட்டிவிடுபவர் பலர். இரண்டாம் ஆண்டு முதல் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்து, அதன்மேல் எழும் கிளைகளை ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை வெட்டலாம். ஒவ்வோர் ஆண்டும் அதே உயரத்தில் வெட்டி வந்தால் அவ்விடம் தலைபோல் பருத்து, ஒரு செடியிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் எழும். கோடை தொடங்குமுன் செய்யும் கடைசி வெட்டில் ஒன்றிரண்டு கிளைகளை விட்டுவைப்பது செடிக்குத் துணையாகும்.

நடவுக்குப் பத்து முதல் பதினைந்து நாட்களுக்கு முன் தழையை வெட்டி, பச்சையாகவே சேற்று வயலில் சீராகப் பரப்பவேண்டும். விரல் பருமனுக்கு மேற்பட்ட குச்சிகளைக் களைந்துவிடுவது கட்டாயம். அவை எளிதில் மக்குவதில்லை. நடவு செய்யும் பெண்களின் காலைக் கிழிக்கும். அக்குச்சிகள் அடுப்புக்கும், முற்றியவை அடுத்த போத்துக்கும் ஆகும். பரப்பிய தழையைக் காலால் மிதிக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் கேஜ் வீல் பூட்டிய டிராக்டரை இருமுறை ஓட்டினால் போதும். தழை வெளியே தெரியாதவாறு சேற்றில் அமிழவேண்டும். கிளைரிசிடியாவின் இலை மென்மையானது. வேம்பு, புங்க இலைகளைவிட விரைவில் மக்கும். ஆனாலும் மிதித்த மறுநாளே நட்டுவிடலாகாது. அழுகும்போது தோன்றும் அமிலங்களும் வாயுக்களும் இளநாற்றின் வேரைக் கருக்கிவிடும். வடிகால் இல்லாத வயலில் இத்தீமை அதிகம். அங்கே ஒருமுறை நீரை வடித்துப் புதுநீர் பாய்ச்சி நடுவது நன்று.

நெல்லுக்கு மட்டுமே இத்தழை என்று எண்ண வேண்டாம். தென்னைக்கு ஆண்டுக்கு ஐம்பது கிலோ தொழுவுரம் அல்லது தழை என்பது கணக்கு. தோப்பின் வேலியிலேயே இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வட்டப்பாத்தியில் இட்டு மண்ணால் மூடவேண்டும். மஞ்சள், வாழைத் தோட்டங்களில் மூடாக்காகப் பரப்பினால் களை அடங்கும், ஈரம் காக்கும். வீட்டுத் தோட்டத்துக் கத்தரி, வெண்டைக்கு, ஒரு பீப்பாயில் தழையைத் திணித்து நீர் நிரப்பிப் பத்து நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். நாற்றம் பொறுக்க இயலாததாக இருக்கும். பீப்பாயை வீட்டு வாசலில் வைக்க வேண்டாம்.

கால்நடைக்குக் கொடுப்பதில் எச்சரிக்கை

இத்தழையில் புரதம் மிகுதி. கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் முதலில் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இலையின் மணம் அதற்குப் புதிது. ஓர் இரவு வாடவிட்டு, சிறிது உப்பு நீர் தெளித்து, வழக்கமான தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். பழகிய பின்னும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பது தகாது. குதிரைக்கு இது நஞ்சு; நாய்க்கும் ஆகாது; கோழித் தீவனத்திலும் சேர்க்க வேண்டாம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கிளைரிசிடியா என்னும் இலத்தீன் பெயருக்கே எலிக்கொல்லி என்று பொருள். தாயகத்தில் இதன் இலையையும் பட்டையையும் தானியத்தோடு சேர்த்துப் புளிக்கவைத்து எலிக்கு வைப்பது வழக்கம். இலையிலுள்ள ஒரு பொருள், பூஞ்சணம் பிடிக்கும்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சாக மாறுகிறது. ஆகவே குவித்து வைத்துச் சூடேறிப் பூஞ்சணம் பூத்த தழையை எந்தக் கால்நடைக்கும் கொடுக்கலாகாது. அதை எருக்குழியில் தள்ளிவிடுங்கள்.

பூச்சி நோய்களால் இதற்குப் பெருந்தொல்லை இல்லை. கோடையில் தளிரில் அசுவினி சேரும். இலை கறுத்துப் பிசுபிசுக்கும். அக்கிளைகளை வெட்டிவிட்டால் தீர்ந்தது. மருந்து அடிக்கத் தேவையில்லை.

ஊராட்சிகளின் கவனத்துக்கு

சொந்த வரப்பு இல்லாத குத்தகைக்காரரும், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் உழவரும் தழைக்கு எங்கே போவர்? அவர்கள் பொருட்டே ஊராட்சி இதில் தலையிட வேண்டியிருக்கிறது. ஊர்ப் பொதுவிடங்களில் நடும் செடிகள் பட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமையால் அன்று. யாருக்கு உரியது என்று தீர்மானிக்கப்படாமையால்தான். உரிமை தெரியாத தழையை முதலில் வருபவர் அடியோடு வெட்டிச் செல்வார். அடுத்தவர் வேலி முள்ளுக்காகத் தண்டையும் கொண்டு செல்வார். எவரையும் குறை கூறுவதில் பயனில்லை.

ஆதலால் குழி வெட்டுமுன் கிராம சபையில் மூன்று செய்திகளைத் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். தழை ஏலத்துக்கா, அன்றிச் சிறு உழவர்க்குப் பங்கீடா என்பது ஒன்று. எந்த மாதத்தில், எத்தனை முறை, எந்த உயரத்தில் வெட்டுவது என்பது மற்றொன்று. முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார், அவருக்கு ஊதியம் எந்தத் தலைப்பில் என்பது மூன்றாவது. ஏலம் விட்டால் ஊராட்சிக்குச் சிறு வருவாய் வரும். ஆனால் தழை பணம் உள்ளவரின் தோப்புக்கே போய்ச் சேரும். பங்கீடு செய்வதே முறை என்பது என் கருத்து. வருவாயை எண்ணி ஏலத்தைத் தேர்ந்த ஊராட்சிகளும் உண்டு. அவர்களோடு நான் இன்னும் வாதிட்டுக் கொண்டிருக்கிறேன்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஏரிக்கரையின் மேலும் அதன் சரிவிலும் நடலாகாது. வேர் சென்ற வழியே பின்னர் நீர் கசியும். வாய்க்காலில் இரு கரையையும் அடைத்து நட்டுவிட்டால் தூர்வாரும் இயந்திரம் இறங்க வழியிராது. ஒரு கரையை விட்டுவைக்க வேண்டும். அரசுப் புறம்போக்காயின் வருவாய்த் துறையினரின் இசைவையும், கால்வாய்க் கரையாயின் நீர்வளத் துறையினரின் இசைவையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது பிற்கால வம்பைத் தவிர்க்கும். பள்ளிச் சுற்றுவேலி, சுடுகாட்டு எல்லை, ஊராட்சிக் கிணற்றைச் சூழ்ந்த இடம், உரக்கிடங்கின் நான்கு புறம் ஆகியவற்றில் தடையின்றி நடலாம்.

போத்துக்கு வெளியூர் லாரியை எதிர்நோக்க வேண்டியதில்லை. வெட்டாமல் ஓங்கி நிற்கும் பழைய மரம் ஒன்றிலேயே பல போத்துகள் எடுக்கலாம். மாசி மாதத்தில் ஊரைச் சுற்றி வந்தால், இளஞ்சிவப்புப் பூவைக் கொண்டு அம்மரங்களைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். உரியவர்களைக் கேட்டு, எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்க. விதைக்கு விடுபவற்றுக்கு ஒரு சிவப்புக் கோடு, போத்துக்கு வெட்டுபவற்றுக்கு ஒரு வெள்ளைக் கோடு இட்டுவிட்டால், மழை தொடங்கும்போது யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிராது.